சாக்லேட் காலணா

ஜூலை 22, திங்கள்

இதை நான் ஆசைப்பட்டு எழுதவில்லை. பள்ளி மணியின் நாக்கில் சாக்ஸ் மாட்டியதற்காக எழுதுகிறேன். பியூன் அண்ணன் அடித்து அடித்துப் பார்த்திருக்கிறார், சத்தமே வரவில்லை. பிரேயர் பதினொரு நிமிடம் தாமதம். தமிழ் மிஸ், "மணிக்கு நாக்கைக் கட்டினவளுக்கு நாக்கு ரொம்ப நீளம். ஒரு மாசம் தினமும் டைரி எழுது. நான் படிக்க மாட்டேன், பக்கத்தை மட்டும் எண்ணுவேன்" என்றார்.

எண்ணுங்க மிஸ். நானும் பெரிய பெரிய எழுத்தாக எழுதுகிறேன்.

பெயர் ரெக்ஸலின். பதினொன்றாம் வகுப்பு. திருச்சி, பொன்மலைப்பட்டி. பொன் கிடையாது, மலை என்று சொல்ல ஒரு பாறை உண்டு. அம்மா குவைத்தில் ஒரு வீட்டில் சமையல் செய்கிறார். எண்ணெய் கொழிக்கும் நாட்டில் அம்மா. எண்ணெய் தொடாமல் சமைக்கும் வீட்டில் நாங்கள். அப்பாவுக்குச் சர்க்கரை.

அப்பா அமலதாஸ், எங்கள் ஸ்கூல் வேன் டிரைவர். மீதி நேரத்தில் காசு சேர்க்கிறார். உடனே பணக்காரர் என்று நினைக்க வேண்டாம். அவர் சேர்ப்பதெல்லாம் செல்லாத காசு.

ஜூலை 25, வியாழன்

வேனில் எனக்குப் பதவி உயர்வு. இத்தனை நாள் கடைசி சீட்டில் இருந்தேன், சின்னப் பசங்களின் டிபன் பாக்ஸ் மூடிகளை மாற்றி மாட்டுவதற்கு வசதியாக. அப்பா இன்று முன் சீட்டுக்கு வரச் சொன்னார்.

"எதுக்குப்பா?"

"சும்மா வராத. கிரிக்கெட்ல சொல்ற மாதிரி ரோட்டை வர்ணனை பண்ணிக்கிட்டே வா. பசங்க சிரிப்பாங்க."

இது போதாதா எனக்கு. "இடது பக்கம் ஓர் எருமை, மேலே எமன் இல்லை. எதிரே தண்ணீர் லாரி, டிரைவர் தண்ணி போடாதவர் என நம்புவோம். வலது ஓரம் சைக்கிளில் ஒரு தாத்தா, ஆட்டமிழக்காமல் எழுபது." பசங்க சீட்டில் புரண்டார்கள். வேனில் பசங்களை ஏற்றி இறக்கும் மலர்க்கொடி அக்காகூடச் சிரித்துவிட்டார்.

அப்பா மட்டும் சிரிக்கவில்லை. கவனமாகக் கேட்டுக்கொண்டு வந்தார்.

ஜூலை 28, ஞாயிறு

பூசை முடிந்து வந்து துணி துவைத்தேன். மத்தி மீன் குழம்பு. அம்மா வீடியோவில் வந்தார்.

"என்னங்க, என்னைப் பாத்துப் பேசுங்க. சுவத்தைப் பாத்துப் பேசறீங்க."

"உன்னைத்தான் பாக்குறேன் லூர்து."

எனக்கும் அப்படித்தான் தெரிந்தது. கொஞ்ச நாளாக அப்பா எதையும் நேராகப் பார்ப்பதில்லை. தலையைச் சாய்த்து, ஓரக்கண்ணால், கோழி பார்ப்பது மாதிரி. நான் "கொக்கரக்கோ" என்றேன். அம்மா சிரித்தார். அப்பா போனை என்னிடம் கொடுத்துவிட்டு எழுந்து போனார்.

சாயங்காலம் பயிற்சி. ஆகஸ்ட் 11 அன்று கன்டோன்மென்ட் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தில் நாணயக் கண்காட்சி. அதில் காசு சேர்ப்பவர்களுக்கு மட்டும் ஒரு போட்டி உண்டு. கண்ணைக் கறுப்புத் துணியால் கட்டிவிட்டு, உள்ளங்கையில் ஒவ்வொரு காசாக வைப்பார்கள். தடவிப் பார்த்து என்ன காசு என்று சொல்ல வேண்டும். மொத்தம் பத்து. மோந்து பார்க்கக் கூடாது, கடித்துப் பார்க்கக் கூடாது. போன வருடம் அப்பா ஒரே ஒரு காசில் தோற்றார்.

கண்ணைக் கட்டிவிட்டு நான் காசுகளை வைத்தேன். அறுகோண இருபது பைசா. சதுர இரண்டணா. சட்டை பட்டன் அளவுக்குப் புதுக்கோட்டை அம்மன் காசு. எல்லாம் சரி. நடுவில் என் சுடிதார் பட்டனை வைத்தேன்.

"நாலு ஓட்டை. இதை எந்த ராணி வெளியிட்டா?" என்றார் அப்பா.

"ராணி ரெக்ஸலின்."

கட்டு அவிழ்க்கும் வரைக்கும் நன்றாகச் சிரித்துக்கொண்டுதான் இருந்தார்.

ஜூலை 31, புதன்

அப்பாவின் பெருமை ஒரு கண்ணாடிச் சட்டம். அதில் விக்டோரியா ராணி காலத்துக் கால் அணாக்கள், செம்பு, ஆண்டு வரிசைப்படி. முதல் இடத்தில் 1862. அதைத் தேடிப் பிடிக்க அவருக்கு ஒன்பது வருடம் ஆனது. ஒரு காசு அரை மில்லிமீட்டர் சாய்ந்திருந்தாலும் வாசலில் இருந்தே சொல்லிவிடுவார். "எவ கை வச்சது?" இந்த வீட்டில் 'எவ' என்றால் நான் ஒருத்திதான்.

இன்று நடுவில் இருந்த ஒரு காசை எடுத்துவிட்டு ஐந்து பைசாவை வைத்தேன். சதுரம், அலுமினியம், பல் மாதிரி வெள்ளை. அப்பா சட்டத்தின் முன்னால் உட்கார்ந்துதான் டீ குடித்தார். எப்போது கத்துவார் என்று கதவுக்குப் பின்னால் நின்று நின்று கால் மரத்துப் போனது.

கத்தவே இல்லை. என்னைத் திருப்பி ஏமாற்றுகிறார் போல. சரியான ஆள்.

ஆகஸ்ட் 2, வெள்ளி

இன்று ஒன்றும் நடக்கவில்லை.

ஆகஸ்ட் 3, சனி

நேற்று எழுதியது ஒரு வரிதான் என்று மிஸ் கணக்கில் குறைப்பார். ஆனால் ஒன்றும் நடக்கவில்லை என்றால் ஒன்றும் நடக்கவில்லைதான். அதை இரண்டு வரியாக எப்படி எழுதுவது?

ரேஷன் கடையில் இரண்டு மணி நேரம் நின்றேன். ஐந்து பைசாவை எடுத்துவிட்டு, பழைய காசைத் திருப்பி வைத்துவிட்டேன். அதையும் அப்பா கவனிக்கவில்லை.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

காசுகளை வைக்கும் அட்டைகள் உண்டு. நடுவில் வட்டமாகச் செலோபன் ஜன்னல், சுற்றி ஸ்டேப்லர் பின். ஆல்பத்தின் கடைசிப் பக்கத்தில் இருந்த ஓர் அட்டை மட்டும் தடிமனாக இருந்தது. பின்னைப் பிரித்தேன். உள்ளே காசு இல்லை, எட்டாக மடித்த ஒரு சீட்டு. ஏப்ரல் மாதம் நடந்த கண் பரிசோதனை முகாமில் கொடுத்தது. அப்பாவின் பெயர், வயது 48. கீழே டாக்டரின் கிறுக்கல்.

டாக்டர்கள் கையெழுத்து யாருக்குப் புரியும்? எனக்கும் புரியவில்லை. "விழித்திரையில் ரத்தக் கசிவு, இரு கண்களும், உடனே பெரிய மருத்துவமனை, வாகனம் ஓட்டக் கூடாது" என்று இருக்கலாம். வேறு ஏதாவதாகவும் இருக்கலாம்.

திரும்ப அதே ஓட்டைகளில் பின் அடித்து வைத்துவிட்டேன்.

அப்பா வேன் ஓட்டுவதால்தான் இந்தப் பள்ளியில் எனக்குப் பாதிக் கட்டணம். இதை ஏன் இங்கே எழுதினேன் என்று தெரியவில்லை.

ஆகஸ்ட் 9, வெள்ளி

கடையில் தங்கத்தாள் சுற்றிய சாக்லேட் காசு வாங்கினேன். கண்காட்சிக்குச் சட்டத்தைக் கட்டி வைக்கச் சொல்லிவிட்டு அப்பா பங்குத்தந்தையைப் பார்க்கப் போனார். 1862ஐ எடுத்து என் ஜாமெட்ரி பாக்ஸில் போட்டேன். அந்த இடத்தில் சாக்லேட் காசை வைத்தேன். பழுப்புக் காசுகளுக்கு நடுவில் அது மட்டும் தங்கப்பல் மாதிரி மினுக்கியது. தெருவில் போகிறவனுக்குக்கூடத் தெரியும்.

இது விளையாட்டு. வேறு எதற்கும் இல்லை. சட்டத்தை விரித்ததும் அப்பா பார்ப்பார், "எவ கை வச்சது" என்பார், மண்டையில் ஒரு குட்டு விழும். அந்தக் குட்டு எனக்கு வேண்டும்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

வரிசையாக எழுதிவிடுகிறேன்.

டவுன் பஸ்ஸில் போனோம். பெட்ஷீட் சுற்றிய சட்டம் அப்பாவின் மடியில், அவர் கை அதன்மேல். இரண்டு முறை சொல்ல வாய் திறந்தேன். இரண்டு முறையும் "பசிக்குது" என்று முடித்தேன்.

மண்டபத்தில் தாலி கட்டும் மேடையில் பேனர். கீழே வரிசையாக மேசைகள், காசு, நோட்டு, தபால்தலை. ஆற்று மணலில் சலித்தெடுத்த காசுகளை ஒருவர் பொரிகடலை மாதிரி குவித்து வைத்திருந்தார். எல்லாரும் கழுத்தில் உருப்பெருக்கி மாட்டியிருந்தார்கள். அப்பா கழுத்திலும் இருந்தது. அவர் அதை எடுத்துப் பார்க்கவே இல்லை.

சங்கச் செயலாளர் குணசேகரன் சார் வந்தார். தபால் ஆபீசில் இருந்து ஓய்வு பெற்றவர்.

"என்ன அமலு, சட்டத்தை இன்னும் தொறக்கலையா? நடுவர்லாம் வந்துட்டாங்க."

"முதல்ல கையைக் காட்டிக்கறேன் சார். அப்புறம் காசைக் காட்டுறேன்."

பத்தரைக்குப் போட்டி. ஐந்து பேர் மேடையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். கறுப்புத் துணியைக் கட்டியதும் அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். எத்தனை மாதம் ஆயிற்று அவரை அப்படிப் பார்த்து. தலையைச் சாய்க்கவில்லை, தடுமாறவில்லை. முதல் காசு, இரண்டாம் காசு, டச்சுக்காரன் காசு, ராஜராஜன் காசு. "நிக்கிற ஆளு ஒரு பக்கம், உக்காந்த ஆளு ஒரு பக்கம். அடுத்தது குடுங்க." கூட்டம் நெருங்கி வந்தது. ஒன்பதாவதில் மற்ற நான்கு பேரும் விழுந்துவிட்டார்கள்.

பத்தாவது, முழுவதும் தேய்ந்த காசு. இரண்டு பக்கமும் வழவழவென்று ஒன்றுமே இல்லை. அப்பா விளிம்பைச் சுற்றிக் கட்டைவிரலை ஓட்டினார். நின்றார். திரும்ப ஓட்டினார்.

"கால் அணா. வருஷம் போயிருச்சு. ஆனா இது பையில கெடந்து தேயல சார். யாரோ ஒரு பொம்பளை கழுத்துல கெடந்து தேஞ்சிருக்கு. இந்தா, வளையம் பத்தவச்ச தடம்."

குணசேகரன் சார் வாங்கிக் கண்ணாடி வைத்துப் பார்த்தார். விளிம்பில் கடுகு அளவு ஈயம் இருந்தது. இத்தனை வருடம் அவர் கையில் இருந்த காசு, அவரே கவனித்ததில்லையாம். அப்படி ஒரு கைதட்டல். நான் விசிலடித்தேன்.

கட்டை அவிழ்த்தார்கள். கைதட்டல் எங்கிருந்து வருகிறது என்று தேடுகிறவர் மாதிரி அப்பா தலையைச் சாய்த்தார்.

பிறகு மேசைக்கு வந்து பெட்ஷீட்டை விலக்கினார். நான் குட்டுக்காகத் தலையைக் கொஞ்சம் முன்னால் நீட்டிக்கூட நின்றேன். அப்பா கைக்குட்டையை எடுத்து, கண்ணாடியின் மேல் ஊதி, மூலையில் இருந்து துடைக்கத் தொடங்கினார். சாக்லேட் காசின் மேலேயும் துடைத்தார். இரண்டு சுற்று.

அப்போதே எடுத்திருக்கலாம். "அப்பா, ஒரு நிமிஷம்" என்றால் போதும். என் கை எழவில்லை. நடுவர்கள் வந்துவிட்டார்கள், சுற்றிலும் பத்துப் பதினைந்து பேர்.

அப்பா தொண்டையைச் செருமினார். விரல் மிகச் சரியாக முதல் இடத்துக்குப் போனது.

"இதுதாங்க தொடக்கம். ஆயிரத்து எண்ணூத்து அறுபத்திரண்டு. ராணியோட மூக்கு கொஞ்சமும் தேயல பாருங்க. தலைப்பின்னல் முடி ஒவ்வொண்ணும் தனியாத் தெரியும். ஒம்பது வருஷம் தேடினேன்."

முன்னால் நின்ற ஒரு குட்டிப் பெண், "அங்கிள், அது சாக்லேட்டு" என்றாள்.

மண்டபமே சிரித்தது. அப்பாவும் சிரித்தார், எல்லாரும் சிரிக்க ஆரம்பித்த பிறகு. அந்த இடைவெளியை நான் மட்டும்தான் பார்த்தேன் என்று நினைத்தேன். குணசேகரன் சாரும் சிரிக்கவில்லை.

"பசங்களும் நின்னு பாக்கணும்ல, அதுக்குத்தான் வச்சேன்" என்றார் அப்பா. நடுவர்கள் தோளில் தட்டிவிட்டு அடுத்த மேசைக்குப் போனார்கள். அவர் விரல் மட்டும் கண்ணாடியின் மேல் அதே இடத்தில் இருந்தது. கண்ணாடிக்கு மேலே இருந்து தடவினால் எல்லாக் காசும் ஒன்றுதான்.

குணசேகரன் சார் என்னைத் தண்ணீர் பானை பக்கம் அழைத்துப் போனார்.

"பாப்பா, வேன் இப்ப யாரு ஓட்டுறா?"

"அப்பாதான்."

"நேத்து ஓட்டினானா?"

"நேத்து ஸ்பெஷல் கிளாஸ் சார். ஓட்டினாரு."

அவர் தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நான் ஸ்கூலுக்குச் சொன்னா வேலை போயிரும். சொல்லலைன்னா..."

திரும்பி வரும்போது அப்பாவின் மடியில் சட்டம், அதன்மேல் பரிசுக் கேடயம்.

"எப்ப வச்ச?"

"வெள்ளிக்கெழம."

"எதுக்கு?"

"வெளையாட்டுக்கு."

"வெளையாட்டுக்குன்னா சரி."

பால்பண்ணை ஸ்டாப் தாண்டியதும், "நாளைக்கும் முன் சீட்டுலயே உக்காரு. நல்லாத்தான் சொல்ற" என்றார்.

ஆகஸ்ட் 12, திங்கள்

ஆகஸ்ட் 2 அன்று என்ன நடக்கவில்லை என்றால்:

சுப்ரமணியபுரம் ஸ்டாப்பில் யூ.கே.ஜி. டேனி வேனுக்கு முன்னால் குனிந்து வாட்டர் பாட்டில் மூடியை எடுத்துக்கொண்டிருந்தான். நான் அந்த நேரம் பின்னால் திரும்பி யாரையோ கிண்டல் செய்துகொண்டிருந்தேன். வேன் நகர்ந்தது. திரும்பிப் பார்த்துக் கத்தினேன். அப்பா பிரேக்கை மிதித்தார். இறங்கிப் பார்த்தேன், அவன் தலைக்கும் பம்பருக்கும் நடுவில் ஒரு சாண்கூட இல்லை. மூடி கிடைத்த சந்தோஷத்தில் அவன் என்னைப் பார்த்துச் சிரித்தான். மலர்க்கொடி அக்கா பின் கதவுப் பக்கம் இருந்தார், பார்க்கவில்லை. அப்பா கேட்டார், "என்னடி, நாயா?" நான் சொன்னேன், "ஆமாப்பா, நாய்."

என் வாழ்க்கையில் நான் சொன்ன பொய்களிலேயே யாரும் சிரிக்காத பொய் அது.

இன்று காலை ஆறே முக்காலுக்கு அப்பா யூனிபார்ம் போட்டுவிட்டு, இயேசு படத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஆணியைத் தடவினார். சாவி இல்லை.

"ரெக்ஸி, சாவி எங்க?"

"உங்க எதிர்லதான் இருக்கு."

எதிர்ச் சுவரில் நான்கு ஆணிகள். குடை, மஞ்சள்பை, அம்மாவின் ஜெபமாலை, வேன் சாவி. நான்தான் மாற்றி மாட்டியிருந்தேன்.

"வெளையாடற நேரமா இது? பசங்க ஸ்டாப்ல நிப்பாங்க."

"எடுத்துட்டா கெளம்பலாம்பா. ஆனா தடவக் கூடாது. நேத்து பாக்காமத் தொட்டீங்கல்ல, இன்னைக்குத் தொடாமப் பாக்கணும். பாத்து, ஒரே தடவையில கையை வச்சு எடுங்க."

என் குரல் எனக்கே வேறு யாருடையதோ மாதிரி கேட்டது. அப்பா என்னை அடிப்பார் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார், ஸ்கூல் பையன் மாதிரி. தலையை இடது பக்கம் சாய்த்தார். வலது பக்கம் சாய்த்தார். ஒரு அடி முன்னால் வந்தார். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. நான் போய் அணைக்கவில்லை.

அவர் கையை நீட்டி எடுத்தார்.

விரல் பட்டதுமே தெரிந்துவிட்டது அவருக்கு. மணிகளை ஒவ்வொன்றாக உருட்டினார்.

"உங்கம்மா குவைத் போறப்ப விட்டுட்டுப் போனது. பதினேழாவது மணி ஒடஞ்சு, நூல் சுத்தி வச்சிருப்பா."

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். நான் சாவியை எடுத்து அவர் பக்கத்தில் வைத்தேன். அதை அவர் தொடவில்லை.

"அது நாய் இல்லப்பா" என்றேன். "டேனி."

அவர் ஜெபமாலையை மடியில் வைத்தார். போனை நீட்டி, ஸ்கூல் மேனேஜர் நம்பர் போடச் சொன்னார்.

"சார், அமலதாஸ். வண்டிக்கு வேற ஆளை அனுப்புங்க... இல்ல சார், காய்ச்சல் இல்ல... லீவு இல்ல சார். கண்ணு."

அந்தப் பக்கம் என்னவோ கேட்டார்கள்.

"ஏப்ரல்ல இருந்து" என்றார் அப்பா.

ஆகஸ்ட் 14, புதன்

பெரிய ஆஸ்பத்திரி. சொட்டு மருந்து விட்டு நாலு மணி நேரம் உட்கார வைத்தார்கள். இடது கண்ணில் போனது போனதுதானாம். வலது கண்ணில் இருப்பதைக் காப்பாற்ற மாதாமாதம் ஊசி. வேன் ஓட்டுவது பற்றி அப்பா கேட்கவில்லை. டாக்டரும் சொல்லவில்லை.

அம்மாவுக்கு வீடியோவில் நான்தான் சொன்னேன். அம்மா அழுது முடித்து, "நீ எப்படிடீ பாத்துக்காம விட்ட?" என்றார். பதிலுக்கு ஏதாவது குறும்பாகச் சொல்வேன் என்று இருவருமே காத்திருந்தோம்.

1862ஐ ஜாமெட்ரி பாக்ஸில் இருந்து எடுத்து அப்பாவின் உள்ளங்கையில் வைத்தேன். ராணியின் மூக்கைக் கட்டைவிரலால் தொட்டுப் பார்த்தார்.

"சட்டத்துல வைக்கட்டாப்பா?"

"வேணாம். கண்ணாடிக்குள்ள போட்டா எனக்கு இல்ல அது." சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

ஆகஸ்ட் 19, திங்கள்

பள்ளியில் அப்பாவை ஒன்றும் திட்டவில்லையாம். பதினொரு வருடச் சர்வீஸுக்காக, இந்த வருடம் முடியும் வரை எனக்கு அதே கட்டணம் என்றார்கள். டேனியின் அம்மாவுக்கு விஷயம் தெரியாது. வழியில் பார்த்தால் அப்பாவை இன்னும் விசாரிக்கிறார்.

ஒரு வாரம் கழித்து இன்று வேனில் போனேன். ஹாரன் கேட்டதும் அப்பா உள்ளே இருந்தபடியே, "புது ஆளு கிளட்சை ஏறி மிதிக்கிறான்" என்றார். வாசல் வரைக்கும் வந்தார், இறங்கவில்லை.

ஏறினேன். பழக்கத்தில் முன் சீட்டில் உட்கார்ந்தேன். புது டிரைவர் இளவயசு, நல்ல மாதிரி. பசங்க "அக்கா, வர்ணனை" என்று கத்தினார்கள். எனக்கு ஒன்றும் வரவில்லை. சுப்ரமணியபுரம் திருப்பத்தில் என்னை அறியாமல் வாய் திறந்துவிட்டது.

"இடது பக்கம் சைக்கிள்."

"தெரியுதும்மா" என்றார் அவர்.

அடுத்த ஸ்டாப்பில் எழுந்து கடைசி சீட்டுக்குப் போய்விட்டேன்.